ஞாயிற்றுக்கிழமை நுரையீரல்

நுரையீரல் ஆராய்ச்சி என்பது முக்கால்வாசி கறிக்கடை வரிசையில் நிற்கும் வேலை. இதை எந்தப் பல்கலைக்கழகமும் சேரும்போது சொல்வதில்லை.

என் வேலை இதுதான். ஆட்டு நுரையீரலைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கும், காய்ச்சிய பாலில் படியும் ஆடை கனத்தில். அதைக் கிழியாமல் உரித்து, இரண்டு சின்னக் கண்ணாடி அறைகளுக்கு நடுவே கதவு மாதிரி மாட்டுவேன். ஒரு பக்கம் நீலச் சாயம் கலந்த உப்புத்தண்ணீர், மறுபக்கம் வெறும் உப்புத்தண்ணீர். காலையில் மாட்டிய சவ்வு ஒழுங்காக இருந்தால் நீலம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே மத்தியானம் ஆகிவிடும். என்சைம் என்கிற நொதி ஒரு சொட்டு விட்டால் போதும், அது சவ்வில் உள்ள புரதத்தைக் கத்தரித்துக் கத்தரித்து வழி பண்ணிக் கொடுத்துவிடும், நீலம் பாட்டுக்கு நடந்து போகும். சில நுரையீரல் நோய்களில் நம் உடம்பில் ஊறும் நொதிகளே இந்த வேலையைச் செய்கின்றன. அதனால்தான் எந்த நொதி, எவ்வளவு சீக்கிரம் என்று பார்ப்பதற்கு ஒரு முனைவர் பட்டம் வைத்திருக்கிறார்கள்.

சோதனைக்கூடங்களில் வதங்கிக்கொண்டிருக்கும் சக ஜீவன்களே, கீழே வருவதைப் படித்துவிட்டு நீங்கள் என்னைத் திட்டலாம். உங்களுக்கு முன்னால் நானே நிறையத் திட்டிவிட்டேன்.

வெட்டாத நுரையீரல்

முதல் தடவை கோவிலூர் ரோட்டில் ஜமால் பாய் கடைக்குப் போனேன். "முழு நுரையீரல் ஒண்ணு" என்றேன். பாய் கொக்கியிலிருந்து எடுத்தார், கட்டையில் போட்டார், நான் அடுத்த வாக்கியத்துக்கு வாய் திறப்பதற்குள் கத்தி நாலு தரம் இறங்கிவிட்டது. "வறுவலுக்குத்தானம்மா, இன்னும் பொடிசாப் போடவா?" என்று அக்கறையாக வேறு கேட்டார்.

நான் சும்மா இருப்பவள் இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்தே மேடைப் பேச்சு, பட்டிமன்றம். எதிரில் ஒரு ஆள் நின்றாலே எனக்கு அது எதிரணி. வாங்குகிறவர் சொல்லி முடிக்கும் வரை கேட்பது வியாபாரத்தின் முதல் கடமை என்று ஆரம்பித்து, சவ்வு என்றால் என்ன, அதில் நகக் கீறல் பட்டால்கூட என் ஒரு நாள் உழைப்பு எப்படிப் பாழாகும் என்பது வரை போனேன். எனக்குப் பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டு முழுசையும் கேட்டார். பிறகு இன்னொரு நுரையீரலை மூச்சுக்குழலோடு எடுத்து, கைக்குழந்தையைக் கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் உப்புத்தண்ணீர் ஊற்றிவைத்திருந்த என் எவர்சில்வர் தூக்குவாளிக்குள் இறக்கினார். நறுக்கிப்போட்டதை வாங்கித்தான் ஆகவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. சொன்னது இதுதான்: "வெட்டாமக் குடுக்கணும்னா, கறிக்கடையில நான் எதுக்கும்மா உக்காந்திருக்கேன்?"

கொல்லையில் நிற்கும் மருந்து

நான் முதலில் எடுத்துக்கொண்ட நொதி பப்பாயின். சுண்டுவிரல் உயரப் பாட்டிலில் வெள்ளைப் பொடியாக, வெளிநாட்டிலிருந்து ஐஸ் வைத்த பெட்டியில் வரவேண்டும். வரவில்லை. மூன்று மாதமாக வரவில்லை. நான் அலுவலகத்துக்குப் போய், ஒரு சின்னப் பாட்டிலை வரவழைக்கத் தெரியாத நிர்வாகம் எதற்கு என்று கேட்டேன். அங்கே இருந்தவர்கள் பழகிவிட்டார்கள். நான் பேசி முடிக்கும் வரை ஒருவர் பென்சில் சீவினார்.

திரும்பி வந்து ஆய்வக உதவியாளர் சேகர் அண்ணனிடம் மிச்சத்தைக் கொட்டினேன். அவர் என்னை ஆறப்போட்டு, அப்படி என்ன மருந்து அது என்று கேட்டார். பப்பாளிக்காய்ப் பாலிலிருந்து எடுப்பது, புரதத்தைக் கரைக்கும், சுத்தம் செய்யப்பட்டது, அளவு குறிக்கப்பட்டது என்றெல்லாம் விளக்கினேன். அதற்கு அவர் சொன்னதைக் கேட்டு நான் சிரித்த சிரிப்பை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அவர் சொன்னது: "இதுக்கா இம்புட்டுச் சண்டை போட்டுட்டு வாரீக? எங்க வீட்டுக் கொல்லையில காய்ச்சுத் தொங்குது, நாளைக்கு ஒண்ணு பறிச்சாரவா?"

புதனும் ஞாயிறும்

ஒருவழியாகப் பாட்டில் வந்தது. வேலை ஆரம்பித்தது. ஒவ்வொரு முறையும் இரண்டு துண்டுச் சவ்வு மாட்டவேண்டும். ஒன்றில் நொதி விடுவேன், இன்னொன்றில் விடமாட்டேன். விடாததுதான் அளவுகோல். அதிலும் நீலம் கசிந்துவிட்டால், நொதியால் கசிந்தது எது, சவ்வே கெட்டுப்போய்க் கசிந்தது எது என்று பிரிக்க முடியாது. அன்றைய வேலை மொத்தமும் குப்பை. உங்களில் பலருக்கு இந்தத் துக்கம் தெரிந்திருக்கும்.

பாய் கடையில் புதனும் ஞாயிறும்தான் எனக்கு முழு நுரையீரல் கிடைக்கும். புதன்கிழமைச் சவ்வு தங்கம். நொதி விடாத துண்டில் மத்தியானம் வரை ஒரு சொட்டு நீலம் இறங்காது. ஞாயிற்றுக்கிழமைச் சவ்வோ, நொதி விட்டாலும் ஒழுகும், விடாவிட்டாலும் ஒழுகும். ஒரு ஞாயிறு என்றால் என் கை நடுக்கம் என்று விட்டிருப்பேன். மாதம் இரண்டு, மூன்று என்று ஓடியது. நான் உட்கார்ந்து யோசித்து ஒரு காரணம் கண்டுபிடித்தேன்: ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம், கூட்டம் அதிகமென்றால் சனிக்கிழமை மீந்ததைத் தள்ளிவிடலாம், பாய் தள்ளிவிடுகிறார். கேட்பதற்கு எவ்வளவு கச்சிதமாக இருக்கிறது பாருங்கள். நோட்டில் "கடைக்காரர் பழைய சரக்கு தருகிறார்" என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

என் நெறியாளரை மேடம் என்று மட்டும் சொல்கிறேன். பேச்சைச் சொட்டு மருந்து மாதிரி அளந்து விடுகிற ஆள். அவரிடம் இந்தக் காரணத்தை அரைமணி நேரம், எதிர்க்கேள்விகளையும் நானே கேட்டு நானே மறுத்து, எடுத்துச் சொன்னேன். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பேச்சு நல்லா இருக்கு கவிதா, இதுல சோதனை எங்க இருக்கு?"

நியாயம் கேட்டேன்

மேடம் கேட்டதை நான் சோதனை செய்யச் சொன்னதாக எடுத்துக்கொள்ளவில்லை, என்னை நம்பவில்லை என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறு காலை எட்டு மணி, பாய் கடையில் நல்ல கூட்டம். "பாய், ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் எனக்குப் பழசைத்தான் தர்றீங்க" என்றேன். மேடையில் மைக் இல்லாமல் கடைசி வரிசை வரை கேட்க வைக்கும் குரல் எனக்கு. பாய் நிமிர்ந்து, விடியக்காலை அறுத்தது என்றார். "என்கிட்ட ஆதாரம் இருக்கு" என்று நோட்டை விரித்துக் காட்டினேன். அந்த எண்கள் யாருக்கும் விளங்கியிருக்காது. ஆனால் நோட்டின் அட்டையில் பல்கலைக்கழக முத்திரை இருந்தது, என் கழுத்தில் அடையாள அட்டை இருந்தது. அது போதும்.

வரிசையிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்த ஒரு ஆச்சி, கல்யாண வீட்டுக்கெல்லாம் இந்தக் கடையில்தான் கறி சொல்கிறவர், கூடையிலிருந்த பொட்டலத்தை எடுத்துப் பலகையில் திரும்ப வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போனார். அவர் பின்னாலேயே மூன்று பேர் போனார்கள். பாய் தோளில் கிடந்த துண்டில் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். அவர் குரலை உயர்த்தவே இல்லை. குற்றம் செய்தவருக்குப் பேச்சு எழாது என்று நான் அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். கடைசியில் அவர் சொன்னார்: "வேற கடையில வாங்கிப் பாருங்கம்மா, அங்கயும் இப்படித்தான் ஆகுதுன்னா, இங்க வந்து இதே சத்தத்துல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

எதிர்க்கடை

கவனித்தீர்களா, மேடம் கேட்ட சோதனையைப் பாய் சொல்லிக்கொடுத்துவிட்டார். நான் கவனிக்கவில்லை. ஆனாலும் கோபத்தில் அடுத்த வாரம் எதிர்க்கடைக்குத்தான் போனேன், அதனால் சோதனை தானாக நடந்தது. புதன்கிழமை எதிர்க்கடைச் சவ்வு தங்கம். ஞாயிற்றுக்கிழமை எதிர்க்கடைச் சவ்வு ஒழுகியது.

அன்றைக்கே பாய் கடைக்குப் போய் அவர் கேட்ட ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. ஊரிலுள்ள கறிக்கடைகள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஒரே மாதிரி ஏமாற்றுகின்றன என்று என் காரணத்தை இன்னும் பெரிதாக்கிக்கொண்டேன். முன்பெல்லாம் ஒன்பதரைக்குப் பாய் கடைக் கொக்கிகள் காலியாகி, அவர் பலகையைக் கழுவிக்கொண்டிருப்பார். இப்போது பதினொரு மணிக்கு வண்டியில் போகும்போதும் கறி தொங்கிக்கொண்டிருந்தது, அவர் ஈ விரட்டிக்கொண்டிருந்தார். நான் முகத்தை அங்குட்டுத் திருப்பிக்கொண்டு போனேன். திருப்பிக்கொண்டேன் என்றால் உள்ளே எங்கேயோ தெரிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்.

மேடம் என் புதிய காரணத்தையும் கேட்டார். ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினார். ஆட்டுக்குள்ளிருந்து வந்த நுரையீரல் கண்ணாடி அறைக்குள் போகும் வரை எத்தனை பேர் கை படுகிறது, வரிசையாக எழுது என்றார். நான் இரண்டே வரி எழுதினேன். ஒன்று, கடைக்காரர். இரண்டு, நான். மேடம் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை மட்டும் வீட்டுக்குப் போயிட்டுத்தானே வர்ற, வீட்டுல யாருமே இல்லையா?"

விட்டுப்போன கை

புதன்கிழமை கடையிலிருந்து நேரே ஆய்வகம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கும் சேர்த்துக் கறி வாங்குவதால், முதலில் வீடு. தூக்குவாளியையும் கறியையும் அடுப்படியில் வைத்துவிட்டு, குளித்து, இட்லி சாப்பிட்டு, பேப்பரில் வந்த அரசியலுக்கு அப்பாவோடு ஒரு சண்டை போட்டு, பிறகுதான் கிளம்புவேன். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம், "ஞாயித்துக்கிழமை என் தூக்குவாளியத் தொடுவியாம்மா?" என்று கேட்டேன். அம்மா கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தார். நிமிராமலே, "தொடாம எப்படி, கழுவித்தான வைக்கிறேன்" என்றார்.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குப் பப்பாளிக்காய் உண்டு. அப்பாவுக்குக் கடைவாய்ப் பல் இரண்டு போனதிலிருந்து, காயைத் தோலோடு பாலோடு துருவி, கறியில் போட்டுப் பிசறி ஊறவைப்பார் அம்மா. பஞ்சு மாதிரி வெந்துவிடும். அந்தக் கையோடுதான் என் நுரையீரலையும் குழாயடியில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, பழையபடி வாளியில் போட்டிருக்கிறார். நான்கு மாத ஞாயிறுகளும். "அந்த உப்புத்தண்ணிய மட்டும் கொட்டக்கூடாதுன்னு சொன்னேல்ல, ஒரு நாளும் கொட்டுனது இல்ல" என்று பெருமையாக வேறு சொன்னார். அம்மாவுக்கு எதிரில் போய் உட்கார்ந்தேன். அப்போதுதான் கத்தரிக்காய்க் காம்பைப் பிடித்திருந்த விரல்கள் கண்ணில் பட்டன. நுனியெல்லாம் தோல் உரிந்து, சிவந்து, உப்பு பட்டால் எரிகிற மாதிரி. எப்போதிருந்து என்று கேட்டேன். பப்பாளிப் பால் பட்டால் அப்படித்தான் ஆகும், வாரக் கடைசிக்குள் ஆறிவிடும், அப்புறம் ஞாயிறு வந்துவிடும் என்றார்.

அந்தத் தூக்குவாளி எனக்குப் பரிசாக வந்தது. மகளிர் தினப் பட்டிமன்றம். வீட்டில் பெண்கள் செய்யும் வேலை யார் கண்ணுக்கும் தெரிவதில்லை என்ற அணியில் பேசினேன். மூன்றாவது வரிசையில் அம்மா உட்கார்ந்து கைதட்டினார். புரதத்தைக் கரைக்கும் நொதியைப் பற்றி மூன்று வருஷமாகப் படிக்கிற எனக்கு, அதே நொதியில் உரிந்த விரல்கள் தினமும் மூன்று வேளை சோறு போட்டது தெரியவில்லை. கைகளை வரிசையாக எழுது என்றபோதும் அந்தக் கை ஞாபகத்துக்கு வரவில்லை. இத்தனைக்கும் பிறகு, "நான் சொல்லாம எதுக்கும்மா கழுவுன?" என்று அதையும் ஒரு குற்றமாகத்தான் கேட்டேன். அம்மா அரிவாள்மணையை மடக்கினார். "ரத்தமும் சளியுமாத் தூக்கிட்டுப் போனா அங்க இருக்கவுக உன்னய என்னடி நினைப்பாக?"

மூன்று துண்டு

காரணம் கிடைத்துவிட்டது என்று மேடத்திடம் ஓடினேன். அவர் மறுபடியும் அதையே கேட்டார், சோதனை எங்கே என்று. குழாய்த்தண்ணீர் பட்டால்கூடச் சவ்வு கொஞ்சம் இளகும், பப்பாளி மேல் மட்டும் பழியைப் போடாதே என்றார். பழி போடுவதில் எனக்கு இருக்கும் வேகம் அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆகவே மூன்று துண்டு. ஒன்று கழுவாதது. ஒன்று நான் வெறும் குழாய்த்தண்ணீரில் கழுவியது. ஒன்று, அம்மா எப்படிக் கழுவுவாரோ அப்படி.

அம்மா முதல்தடவையாக என் ஆய்வகத்துக்கு வந்தார். செருப்பை வாசலில் விட்டார். நான் சொல்லியும் போட்டுக்கொள்ளவில்லை. சேகர் அண்ணன் தன் கொல்லைப் பப்பாளியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, என்னைப் பார்த்து ஒன்றுமே சொல்லாமல் போனார். சொல்லியிருக்கலாம். ஆறிய விரலில் மறுபடி பால் பட வேண்டாம் என்று கையுறை நீட்டினேன். அதைப் போட்டால் வீட்டில் கழுவுகிற மாதிரி இருக்காதே என்று அம்மா மறுத்துவிட்டார். மூன்று வருஷம் படித்த என்னைவிட அவருக்குச் சோதனை என்றால் என்னவென்று தெரிந்திருந்தது. கழுவாத சவ்வில் நீலம் அசையவில்லை. தண்ணீரில் கழுவியதில் வெகுநேரம் கழித்து லேசாக ஒரு நிழல். மூன்றாவதில், அம்மாவுக்கு வாங்கிவந்த டீ ஆறுவதற்குள் மறுபக்கம் நீலம். நொதி என்ன செய்கிறது என்று விளக்கினேன். அம்மா கண்ணாடி அறையைப் பார்த்தார், தன் விரலைப் பார்த்தார், திரும்பக் கண்ணாடியைப் பார்த்தார். "அப்ப என் விரலுக்குள்ளயும் இப்படித்தான் எல்லாம் போய்க்கிட்டு இருக்கா?"

ரோட்டைத் தாண்டி

இப்போது வீட்டில் பப்பாளி பிசறுவது நான், கையுறையோடு. அது சுலபமாக இருந்தது. பாய் கடைக்குப் போவதுதான் முடியவில்லை. இரண்டு ஞாயிறு தள்ளிப்போட்டேன். மூன்றாவது ஞாயிறு போனேன். வரிசையில் நாலே பேர். என் முறை வந்ததும் மனப்பாடம் செய்துவைத்த பேச்சு மறந்துவிட்டது. "பாய், உங்க நுரையீரல் நல்லாத்தான் இருந்துச்சு. எங்க வீட்டுல பப்பாளிக் கை பட்டுருச்சு. தப்பு என்னுது" என்றேன். பாய் வெட்டிக்கொண்டே கேட்டார். "பப்பாளி பட்டா எலும்புக் கறியே கரையும், இந்தச் சவ்வு எந்த மூலைக்கு" என்றார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும். கறியைத் தராசில் போட்டுவிட்டு, "சரிம்மா, சொன்னீக. அன்னைக்குக் கேட்டவுக யாரும் இன்னைக்கு இங்குட்டு இல்லையே" என்றார்.

எங்கே இருக்கிறார்கள் என்று அவர் கை காட்டவில்லை. எதிர்க்கடையில் வரிசை ரோடு வரைக்கும் நின்றது. நான் ரோட்டைத் தாண்டினேன். நடுவில் அந்த ஆச்சி, அதே கூடையோடு. பக்கத்தில் போய், பாய் மேல் தப்பில்லை, நான்தான் அவசரப்பட்டுப் பேசிவிட்டேன் என்று ஆரம்பித்து முழுசையும் சொன்னேன். மைக் கேட்காத குரல் அன்று எங்கே போனதோ, எனக்கே சரியாகக் கேட்கவில்லை. முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தபோது இன்னும் குறைத்துக்கொண்டேன். ஆச்சி கடைசி வரை கேட்டார். கூடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "அன்னைக்கு ரோடு முழுக்கக் கேக்குற மாதிரிப் பேசுன, இன்னைக்கு என் காதுக்குள்ள பேசுற, இந்த வரிசையப் பாத்துத் திரும்பி நின்னு சத்தமாச் சொல்லு ஆத்தா, சொன்னேன்னா நானும் உன்கூட அங்குட்டு வாரேன்."

வரிசையைப் பார்த்துத் திரும்பி நின்று, பாய் மேல் தப்பில்லை, தப்பு என்னுது என்று சத்தமாகச் சொன்னேன். மூன்று வருஷ ஆராய்ச்சியில் நான் கண்டுபிடித்தது, நொதி பட்ட சவ்வுக்குள் நீலம் இறங்க ஒரு டீ ஆறும் நேரமும், என் மண்டைக்குள் ஒரு உண்மை இறங்க நான்கு மாதமும் ஆகும் என்பதுதான்.